ஓக் மரத்தை யாரும் அளக்கவில்லை

ஓக், ஓக், பைன், மறுபடியும் ஓக். அமலோற்பவத்தின் இடது கை எண்ணும் பெட்டியின் பொத்தான்களைப் பாராமலே தட்டிக்கொண்டிருந்தது; வலது கை ஸ்லைடை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியது. நுண்ணோக்கிக்குள் ஒரு வட்ட வெளிச்சம், அதில் இளஞ்சிவப்புச் சாயம் ஏறிய மகரந்த மணிகள், எட்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வசந்தத்தின் காற்று. மணி ஒன்பதேகால். பன்னிரண்டரைக்கு ரொட்டிக்கடையைச் சாத்தியதும் ஜோஸியான் கூப்பிடுவாள். அதற்குள் கோதுமையா புல்லா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்று நினைத்ததும் கை நின்றது. இத்தனை நாளாகத் தெரியாதா என்ன? எண்ணு. முந்நூறு மணி எண்ணி முடிக்காமல் எதுவும் தெரிந்ததாகச் சொல்லக்கூடாது என்பார் அவளோடு சேர்ந்து ஆராய்ந்த எத்தியென். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் ஓய்வு பெற்று இரண்டு வருஷம். மோன்பெலியே நகரத்தின் இந்தப் பழைய ஆய்வுக்கூடத்தில் ஜன்னலோரமாக ஒரு மேசையை மட்டும் அவளுக்கென்று விட்டு வைத்திருந்தார்கள், வீட்டை விற்ற பிறகும் பூனைக்கு ஒரு மூலையை விடுவதுபோல. ஓக். பைன், இரண்டு பக்கமும் காற்றுப்பை வைத்துக்கொண்டு, எலியின் காதுபோல. ஓக். அந்தக் காலத்தில் எத்தனை ஓக்! கடலுக்கும் இன்றைய திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே கிடக்கும் அந்தக் காயலின் கரை முழுவதும் இருண்ட காடாக இருந்திருக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் காடு உதிர்த்த தூசி தண்ணீரில் விழுந்து, அமிழ்ந்து, சேற்றோடு சேறாகப் படிந்தது. மேலே அடுத்த வருஷத்துத் தூசி. அதன் மேல் அடுத்தது. எண்பத்தொன்பதில் அவளும் எத்தியெனும் மிதவை கட்டிக் காயலின் நடுவே போய்ப் பதினோரு மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி, அந்தச் சேற்றை அப்படியே உருவி எடுத்தார்கள். கீழிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தால் போதும். முதலில் காடு. பிறகு ஓரிடத்தில் ஓக் குறையும், கரித்துகள் கூடும், மனிதன் நடந்த தடத்தில் மட்டும் முளைக்கிற களை தலை காட்டும், அப்புறம் ஆலிவ், அப்புறம் திராட்சை. கோடாரியையும் நெருப்பையும் ஒருவர்கூட எழுதி வைக்காத காலத்தில் தூசி எழுதி வைத்தது. சேறு பொய் சொல்லாது என்பது எத்தியெனின் இன்னொரு வாக்கு. சேறு சொல்லாதுதான்.

நூற்றிரண்டு. புல். இதோ ஒன்று. உருண்டையாக, வழவழப்பாக, தொப்புள்போல் ஒரே ஒரு துளையும் அதைச் சுற்றி ஒரு வளையமும். புல்லும் கோதுமையும் மகரந்தத்தில் அக்கா தங்கைபோல, முகத்தில் வித்தியாசமே கிடையாது. அளவில்தான் பிரிக்க வேண்டும். நாற்பது மைக்ரானுக்கு மேலே போனால் விதைத்தது, கீழே இருந்தால் தானாக முளைத்தது. அவள் கண்ணாடிக்குள்ளிருக்கும் அளவுகோலை மணியின் மேல் கொண்டுவந்து வைத்தாள். முப்பது. ஒன்றை வைத்து என்ன சொல்ல முடியும்? கோதுமை வயலுக்குப் பக்கத்திலும் புல் இருக்கும். எண்ணு. எட்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் அன்று கிடைத்தவை ஏழு. வெறும் ஏழு கோதுமை மணிகள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு. முப்பத்து மூன்று வருஷம் கழித்தும் அவளுக்கு அந்த அளவுகள் மனப்பாடம், கூடப் படித்தவர்களின் பெயர்கள் மறந்துவிட்டன. ஏழு மணிகளை வைத்து, இந்தக் கடற்கரை முழுவதும் மற்ற எல்லாரும் சொல்லிவந்ததைவிட எண்ணூறு வருஷம் முன்னதாக, அந்தக் காயலோரத்தில் யாரோ கோதுமை விதைத்தார்கள் என்று அவளும் எத்தியெனும் எழுதினார்கள். சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் பாராட்டினார்கள், பிறகு அது பாடப்புத்தகத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. காயலோரத்து ஊர்க்காரர்களுக்கோ அது சின்ன எழுத்து இல்லை. அவர்கள் ஊர்தான் முதல். அந்த வருஷமே ரொட்டித் திருவிழா தொடங்கினார்கள். மே மாதம், நீரூற்று இருக்கும் சதுக்கத்தில், பூசை முடிந்ததும். முதல் ரொட்டியை ஜோஸியானின் அப்பா சுட்டார், இப்போது ஜோஸியான் சுடுகிறாள், கைக்குழந்தை கனத்தில் ஒரு ரொட்டி. அதை மேடையில் வைத்து அமலோற்பவத்தின் கையில்தான் கொடுப்பார்கள். எங்கள் கோதுமைக்காரம்மா என்பார் மேயர். மேயர்கள் மாறினார்கள், வாக்கியம் மாறவில்லை. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், சேறு எடுக்கப் போன நாட்களில், அதே சதுக்கத்துக் காபிக்கடையில் ஒரு பெரியவர் அவளைப் பார்த்து, நீ யார் வீட்டில் வேலை செய்கிறாய் பெண்ணே என்று அன்பாகத்தான் கேட்டார். அன்பாகக் கேட்டதுதான் இன்னும் போகவில்லை. அவரேதான் பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் நாற்காலியை இழுத்துப் போட்டு, நம்ம அமாலி வந்தாச்சு, இனி வெட்டலாம் என்பார். நம்ம அமாலி. புதுச்சேரியில் அமலோற்பவம், இங்கே அமாலி. முப்பத்தெட்டு வருஷம் இந்த நாட்டில் இருந்து, அந்தச் சதுக்கம் ஒன்றில்தான் அவள் யார் என்று யாரும் கேட்பதில்லை.

நூற்று முப்பது. ஓக். மூன்று வாரத்துக்கு முன்னால் ஜோஸியான்தான் ஆரம்பித்து வைத்தாள். இந்த வருஷம் நீரூற்றில் கல் பதிக்கிறோம், எழுத்தெல்லாம் வெட்டியாகிவிட்டது, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது, எட்டாயிரத்து அறுநூறுதானே, சரி பார்த்துச் சொல்லுங்க, கல்லில் வெட்டினால் அழிக்க முடியாது என்றாள். ஆமாம் எட்டாயிரத்து அறுநூறுதான் என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். வாய் அதைச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றது. மறுநாள் காலை குளிரறைக்குள் கோட்டு போட்டுக்கொண்டு போய், அதே ஆழத்தில் எடுத்து மீந்து கிடந்த விரல் நீளச் சேற்றைத் தேடி எடுத்தாள். அமிலத்தில் கழுவி, வடித்து, சுழற்றி, முந்தாநாள்தான் சிலிகான் எண்ணெயில் ஸ்லைடு போட்டாள். சிலிகான் எண்ணெயில் மணிகள் ஊறாது. அந்தக் காலத்தில் எல்லாம் கிளிசரின் பாகில்தான் போடுவார்கள், அதில் போட்ட மணி மெல்ல மெல்ல ஊறும், ராத்திரி தண்ணீரில் போட்ட கொண்டைக்கடலைபோல, ஆனால் அவ்வளவு வேகமாக இல்லை; மாதக்கணக்கில். ஒரு வருஷம் போனால் முப்பது நாற்பதாகும். அதனால்தான் போட்ட கையோடு அளந்துவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். இப்போது எல்லாருக்கும் தெரியும். அப்போது? அப்போதும் தெரியும், ஆனால் ஏழு மணி கிடைத்த அந்த ஸ்லைடு போட்டது தொண்ணூறு பிப்ரவரியில், போட்ட வாரத்திலேயே போன் வந்தது, அம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டாள் என்று. பதினைந்து நாள் விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பதினோரு மாதம் ஆயிற்று. இடுப்பு ஒடிந்த அம்மாவுக்கு நாக்கு மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. "ஏண்டி அமலி, அந்த ஊருக்குப் போயி என்னதான் பண்ற?" மகரந்தம் எண்ணுறேம்மா. "அப்டின்னா?" பூவுலேர்ந்து வர்ற தூசி. அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "தூசிய எண்றதுக்கா கப்பல் ஏறுன? நம்ம வூட்ல இல்லாத தூசியா?" கப்பல் இல்லம்மா, பிளேன். "ஏதோ ஒண்ணு. அந்தப் பரண் மேல ஏறி எண்ணு, ஒனக்கு ஆயுசுக்கும் போதும்." முதுகில் புண் வந்த பிறகும் இப்படித்தான். அவள் அம்மாவைப் புரட்டி விட்டு, துடைத்து, மருந்து தடவி, மறுபடி புரட்டி, கடற்கரைத் தெருவின் உப்புக்காற்றில் நாட்களை மறந்து கிடந்தபோது, இங்கே ஒரு மரத்தட்டில் அந்த ஸ்லைடும் இருட்டில் கிடந்தது. அதற்குள் ஒவ்வொரு மணியும் சத்தமில்லாமல் பெருத்துக்கொண்டிருந்தது. அம்மா சின்னதாகிக்கொண்டே போனாள். கடைசியில் தூக்கினால் ஒரு கூடை விறகின் கனம்கூட இல்லை.

அது தெரியாமல் நடந்தது. அப்படித்தான் இந்த மூன்று வாரமாகத் தனக்குள் சொல்லி வந்தாள். துக்கத்தில் இருந்தவள், திரும்பி வந்து தட்டை எடுத்து அளந்தாள், யாருக்கும் நேரக்கூடியதுதான். நூற்று அறுபத்தொன்று. புல். இருபத்தொன்பது. யாருக்கும் நேரக்கூடியது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைச் சங்கிலியால் கட்டும் சத்தம். காபி ஆறிப்போயிருந்தது, ஆறிய காபியில் எப்போதும் ஒரு பித்தளை வாசனை. ஆனால் மதாம் ரூ கேட்டாள். கேட்டாள்தானே. ஆய்வுக்கூடத்தின் பதிவேடு அவள் கையில், சாம்பல் நிற மேலங்கி, காதில் பென்சில். அவள் திரும்பி வந்து ஆறாவது வாரம். "இந்த ஸ்லைடு எப்ப போட்டது?" என்று கேட்டாள் மதாம் ரூ, தலை நிமிராமல். "போன மாசம்" என்றாள் அமலோற்பவம். போன மாசம். எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? யோசித்துச் சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள் நடைபாதையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள், பதினோரு மாசம் வெயில் காய்ந்துவிட்டு வந்திருக்கிறாளாம் என்று ஒருவன், எங்களுக்கும் அப்படி ஓர் அம்மா இருந்தால் நன்றாக இருக்கும் என்று இன்னொருவன், சிரிப்பு. அவளுடைய இடத்தை எத்தியென்தான் யாருக்கும் விடாமல் பிடித்து வைத்திருந்தார். அவரிடம் போய், போனது போனபடி கிடக்கிறது, மறுபடி முதலிலிருந்து போட வேண்டும் என்று சொல்லக் கூசியது. எல்லாம் புதிதாக இருக்கட்டும், வேலை நடந்தபடி இருக்கட்டும் என்று தோன்றியது. மதாம் ரூ எழுதிக்கொண்டாள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள், போய்விட்டாள். ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான். அளந்தபோது, நாற்பத்தொன்று என்று முதல் எண் விழுந்தபோது, இது ஊறியதாக இருக்குமோ என்ற நினைப்பு வந்ததா, வரவில்லையா? வந்தது. வந்து வாசலில் நின்றது. உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அதற்குள் எத்தியென் பின்னால் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஏழா? அமாலி, ஏழா?" என்று கத்தி, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டி நடைபாதை முழுவதும் ஓடினார், அறுபது கிலோ மனுஷி, ஐம்பது வயது மனிதர், கதவுகள் எல்லாம் திறந்து முகங்கள் பார்த்தன. சிரித்தவர்களும் பார்த்தார்கள். அம்மா போன பிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தது அன்றுதான். அந்த நாற்காலியை எப்படி நிறுத்துவது?

இருநூற்றுப் பன்னிரண்டு. மணி பதினொன்றேகால். இதுவரை பதினெட்டுப் புல். இருபத்தேழுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில். நாற்பதைத் தொட்டது ஒன்றுகூட இல்லை. இன்னும் இருக்கிறது, எண்பத்தெட்டு மணி இருக்கிறது, கடைசி வரிசையில் ஏழும் சேர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா என்ன? அப்படி ஒரு நப்பாசை இருப்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. மனசு எங்கே சுற்றினாலும் அந்தக் கோதுமையை விதைத்த பெண்ணிடம் வந்து நின்றது. யாரிடமும் சொன்னதில்லை அவளைப் பற்றி. ஏழு மணிகள் கிடைத்த அந்த வாரத்திலேயே வந்துவிட்டாள். ஆண்கள் விதைத்திருக்கலாம், குழந்தைகள் விதைத்திருக்கலாம், ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஒரு பெண்தான். கிழக்கே எங்கிருந்தோ கரையோரமாகவே படகில் வந்தவள். கோதுமையைத் தோல் பையில் போட்டு, நனையாமல் இருக்க வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தவள். காடு இருண்டு நிற்கும் கரையில் இறங்கி, இந்த மண்ணில் இது முளைக்குமா என்று தெரியாமல் கொஞ்சத்தைப் போட்டுவிட்டுக் கொஞ்சத்தைப் பதுக்கி வைத்தவள். அந்த ஊர் மரங்களுக்கு அவள் பேரில் சந்தேகம். அவள் பாஷை அங்கே யாருக்கும் புரியாது, பேசவும் ஆள் இல்லை. குளிர்காலத்தில் வாடகை அறையின் ஜன்னலில் பனி பிடித்துக் கிடந்த நாட்களில், அமலோற்பவம் தனியாகச் சோறு வடித்துச் சாப்பிடும்போது, எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள். முளைச்சுதா, என்று கேட்பாள் அமலோற்பவம், தமிழில்தான். அந்தப் பெண் நிமிர்ந்து பார்ப்பாள். தோளைக் குலுக்குவாள், இந்த நாட்டுக்காரர்கள்போல. இப்போது இந்தப் பதினெட்டுப் புல்லும் சொல்கிறது அவள் வரவேயில்லை என்று. எண்ணூறு வருஷம் கழித்து யார் யாரோ வந்தார்கள், கூட்டமாக, ஆட்டோடும் நெருப்போடும். ஏழு மீட்டர் ஆழத்திலிருந்து அவர்கள் தடம் உண்டு, ஓக் சரிகிறது, கரி கூடுகிறது, அந்த ஸ்லைடுகள் அவள் திரும்பி வந்த பிறகு மதாம் ரூ புதிதாகப் போட்டவை, அவற்றில் தவறில்லை. ஆனால் அவர்கள் கூட்டம். தனியாக வந்தவள் இல்லை.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அவள் இழுப்பறையைத் திறந்து பழைய ஸ்லைடை எடுத்தாள். கிளிசரின் பாகு மஞ்சளித்து, ஓரத்தில் பூசிய மெழுகு விரிந்திருந்தது. புதியதை எடுத்துவிட்டு அதை வைத்தாள். ஏழு கோதுமையை அவள் தேடவில்லை. ஓக்கைத் தேடினாள். கோதுமையை அளப்பார்கள், புல்லை அளப்பார்கள், ஓக்கை யார் அளப்பார்கள்? ஓக்கை முகம் பார்த்தாலே தெரியும், மூன்று பள்ளம், சொரசொரத்த தோல், எண்ணிவிட்டு நகர்ந்துவிடலாம். அன்று ஒரே ஓர் ஓக்கை அளந்திருந்தால் போதும். எத்தியென் அளக்கவில்லை, கட்டுரையை வாசித்துப் பார்த்தவர்கள் கேட்கவில்லை, முகம் சுளித்தவர்களும் கேட்கவில்லை. காடு முழுவதும் சாட்சியாக நின்றுகொண்டிருந்தது, யாரும் கூப்பிடவில்லை. அளவுகோலை நகர்த்தினாள். புதிய ஸ்லைடில் ஓக் இருபத்தேழு, இருபத்தெட்டு. இதில் முப்பத்தேழு. அடுத்தது முப்பத்தெட்டு. அடுத்தது முப்பத்தாறு. பத்து ஓக்கை அளந்தாள், பத்தும் அப்படித்தான். பைனும் பருத்திருந்தது. எல்லாமே ஊறியிருந்தன, மொத்தக் காடும், பாகுக்குள் பதினோரு மாதம் மட்டுமல்ல, முப்பத்து நான்கு வருஷமாக ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் கண்ணை எடுத்தாள். வெளிச்சத்தின் வட்டம் சுவரிலும் மேசையிலும் கைமேலும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. நெடுநாள் சுமந்த குடத்தை இறக்கிய இடுப்பில் வருமே, அந்த மரத்துப்போன குளிர்ச்சிதான் வந்தது. புதிய ஸ்லைடைத் திரும்ப வைத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஓக். ஓக். புல், முப்பத்தொன்று. இருநூற்று அறுபத்து நான்கில் போன் அடித்தது.

"அமாலி! கடையை இப்பதான் சாத்துனேன்" என்றாள் ஜோஸியான். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம். "கல்லுக்காரர் வந்து உக்காந்து மீந்த ரொட்டிய எல்லாம் காலி பண்ணிட்டு இருக்கார். சீக்கிரம் நம்பரைச் சொல்லுங்க, இல்லாட்டி என்னையும் தின்னுடுவார்."

"ஜோஸியான், அது கோதுமை இல்ல."

"எது இல்ல?"

"எட்டு மீட்டர் இருபதுல நான் பாத்தது. புல்லு. காயலோரத்துல தானா முளைக்கிற புல்லு. தப்பா அளந்துட்டேன்."

பாத்திரச் சத்தம் நின்றது. "முப்பத்து மூணு வருஷம் கழிச்சா?"

"ஆமா."

"அப்ப எங்க ஊர்ல யாருமே இல்லையா?"

"இருந்தாங்க. எண்ணூறு வருஷம் கழிச்சு வந்தாங்க. ஏழாயிரத்து எண்ணூறுன்னு வெட்டலாம், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா முதல்னு வெட்ட முடியாது. எல்லா ஊரையும் போலத்தான்."

"எல்லா ஊரையும் போல" என்று ஜோஸியான் திருப்பிச் சொன்னாள், வாயில் கல் அகப்பட்டதுபோல. "அக்கரை ஊர்க்காரன் காதுல விழுந்தா மூணு நாள் மேளம் அடிப்பான். 'முதல்'ங்கிற எழுத்தை வெட்டி முடிச்சாச்சு அமாலி. போகட்டும், கல்லைத் திருப்பிப் போட்டுக்கலாம். தப்பு யாருக்கும் வரும். அம்மா செத்து வந்த நேரம் வேற, நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

அங்கேயே விட்டிருக்கலாம். ஜோஸியான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள், உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி. எதிரே ஜன்னல் கண்ணாடியில் மே மாதத்து மஞ்சள் தூசி படிந்திருந்தது. அமலோற்பவம் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது மட்டும் இல்ல. ஸ்லைடு பழசுன்னு எனக்குத் தெரியும். பழசா இருந்தா அளக்கக் கூடாதுன்னும் தெரியும். எப்ப போட்டதுன்னு கேட்டாங்க. போன மாசம்னு பொய் சொன்னேன்."

"எத்தியெனுக்கு?"

"அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான்."

தூரத்தில் கல்லுக்காரர், என்னவாம், என்றார். பொறுய்யா, என்றாள் ஜோஸியான், போனை மூடாமலே. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "எங்கப்பா சாகறதுக்கு முந்துன வாரம்கூட, அமாலிக்கு வைக்கிற ரொட்டி அடி பிடிக்காமப் பாத்துக்கன்னுதான் சொன்னார்."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாதீங்க. எனக்குக் கோவம் வருது." ஒரு தட்டை நங்கென்று வைக்கும் சத்தம். "மேயர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். ஊர்லயும் சொல்ல மாட்டேன். இது என் வேலை இல்ல. வழக்கம்போல நீங்க மேடையில ஏறுங்க, மைக்கைப் பிடிங்க, இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க. அந்தப் போன மாசத்தையும் சேர்த்து."

"சொல்றேன்."

"முதல் ரொட்டி யாருக்குன்னு எனக்குத் தெரியல. அதை அப்புறம் யோசிக்கிறேன்."

"சரி. நான் எப்படி வர்றது? ஞாயித்துக்கிழமை பஸ் கிடையாதே. மேயர் கார் வேண்டாம்."

"மேயர் காராம்!" ஜோஸியானின் குரல் ஒரு படி ஏறியது. "நானே வர்றேன். கடையைத் தம்பி பாத்துக்குவான். எட்டரைக்கு உங்க வாசல்ல இருப்பேன், வண்டியில மாவு மூட்டை இருக்கும், நல்ல துணி கட்டாதீங்க. ஒரு மணி நேரப் பாதை. ஒரு மணி நேரமும் உங்களைத் திட்டப் போறேன், பதில் பேசாம வரணும்."

"பேசல" என்றாள் அமலோற்பவம்.

கல்லுக்காரரிடம் ஜோஸியான் ஏதோ சொல்வதும், அவர், அப்ப இன்னொரு ரொட்டி எடு, என்பதும் கேட்டன. போன் அடங்கியது. அவள் தாளின் ஓரத்தில் ஞாயிறு எட்டரை என்று எழுதிக்கொண்டாள். மேடையில் பேச வேண்டிய முதல் வாக்கியத்தைப் பிரெஞ்சில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தரம் சத்தமாகவே சொன்னாள், அறையில் ஒருவரும் இல்லை, குரல் நடுங்கவில்லை. பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக் குனிந்தாள். இன்னும் முப்பத்தாறு மணி பாக்கி இருந்தது.